ஸ்டிக்கர் மேடம்

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் கம்பெனியில் அவரைப் பற்றி முதலில் பரவிய செய்தி இதுதான்.

பேக்கிங்கில் இருந்த ஒரு அம்மா, மகளுக்குக் கல்யாணம் என்று தட்டில் குங்குமம் வைத்து, பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவிக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். இவர் பிரித்தார். தேதியைப் பார்த்தார். மண்டபம் எங்கே என்று பார்த்தார். பிறகு மடித்து உறைக்குள் போட்டு, அந்தத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"வர்றேங்க. எனக்கு வேண்டியத எடுத்துக்கிட்டேன். இத வேற யாருக்காச்சும் குடுங்க, வீணாப் போவ வேணாம்."

மங்கலப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுப்பார்களா? அந்த அம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என்ன பொண்ணு இவ என்று எல்லா லைனுக்கும் போய்ச் சொல்லி ஆற்றிக்கொண்டார். ஆனால் கல்யாணத்தன்று குடியாத்தம் மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தவர் இவர்தான். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேர் வரவில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஸ்டிக்கர் மேடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற ஆண்கள் ஷூ செய்கிறோம். நான் ஒடுகத்தூர்ப் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு தையல் லைனில் உட்கார்ந்தவள். கம்பெனி பஸ்ஸில் வந்து, கம்பெனி பஸ்ஸில் போவேன். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டி ஓட்டி, நாற்பது தாண்டியதும் கண் மங்கத் தொடங்கியது. கண்ணாடி போட்டும் தோலின் விளிம்பு பிடிபடவில்லை. தையல் ஒரு நூலளவு வெளியே போனாலும் அந்தத் தோல் கழிவுதான்.

ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டிக்கர் ரூமில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, கொஞ்ச காலம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். என் கணவர் அப்போது லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து, முதுகு போய், வீட்டில் படுத்திருந்தார். மகள் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் ரூம்தான் எனக்குக் கடைசி இடம். அதைத் தாண்டினால் கம்பெனி கேட்.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதனால் கண்ணைப் பற்றிப் பயமில்லை. வாயைப் பற்றித்தான் பயம். சின்ன வயதிலிருந்தே நான் நாலு பேர் முன்னால் பேசமாட்டேன். பேசினாலும் எங்கோ தொடங்கி எங்கோ போய், சொல்ல வந்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். முதல் நாள் அந்த அறைக் கதவருகே நின்று இப்படித்தான் ஆரம்பித்தேன். லைனில் இருந்தேன், அப்போது ஆற்காட்டு டாக்டரிடம் போனோம், அவர் சொட்டு மருந்து எழுதினார், அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரருக்கு…

அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அக்கா, இதுல நான் எங்கேருந்து எடுத்துக்கணும்?"

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஒல்லியான உடம்பு, இறுக்கிப் பின்னிய முடி. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார். ஏதோ ஒரு வரியை அடித்து முடித்துவிட்டு அவரே திரும்பினார்.

"உங்கள இந்த ரூமுக்கு மாத்தியிருக்காங்க. அவ்ளோதானே?"

"ஆமாங்க மேடம்."

"சரி. உக்காருங்க."

என் வாழ்க்கையில் எனக்கு வேலை கிடைத்த கதையை இவ்வளவு சின்னதாக யாரும் சொன்னதில்லை. நொந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பார்த்தேன். நான் சொல்ல வந்தது அதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த அறையில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஷூ பெட்டிக்கும் ஆபீசிலிருந்து நீளமாக ஓர் எழுத்து வரிசை வரும். நடுவில் இடைவெளியே இருக்காது. முதலில் ஷூ வாங்குகிற கம்பெனிக்கான எழுத்துகள், பிறகு மாடல் எண், பிறகு நிறம், கடைசியில் சைஸ். எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கூட்ஸ் வண்டி மாதிரி வரும். அதிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. பிரித்தெடுக்கிற வேலையை அதுதான் செய்யும். அதற்குள் ஓடுகிற புரோகிராமை மேடம் எழுதியிருந்தார். சி என்று ஒரு மொழியாம். எத்தனையோ புதுசு வந்திருக்க இன்னும் இதையா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஆபீஸ் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அந்தப் பெட்டிக்கு இதுதான் புரியும் என்பார்.

சி மொழியில் ஒரு வரிசையிலிருந்து ஒரு துண்டை எடுக்க வேண்டுமென்றால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும் என்று எனக்குச் சொன்னார். எங்கிருந்து? எத்தனை எழுத்து? எங்கே கொண்டுபோய் வைப்பது? வைக்கிற இடத்தில் அத்தனைக்கும் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறிவிடுமாம்.

இதை அவர் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு வேளையிலும் அதே கதைதான். ஒரு நாள் வேர்க்கடலைத் துவையல் கொண்டுபோயிருந்தேன்.

"கொஞ்சம் போட்டுக்குங்க மேடம்."

"கொஞ்சம்னா எவ்ளோக்கா? ஒரு ஸ்பூனா, ரெண்டா? என் டிபன்ல எடம் கம்மி. பாத்துதான் சொல்லணும்."

பக்கத்தில் பேக்கிங் பெண்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒருத்தி வாய்க்காரி.

"உங்களக் கட்டிக்கப் போற மாப்ள பாவம் மேடம். ஒரு முத்தம் குடுக்க வந்தாக்கூட எங்க, எத்தினின்னு கேப்பீங்க."

"கேக்காம குடுத்தாதான் பேஜாரு" என்றார் மேடம், துவையலை வழித்துக்கொண்டே. அப்புறம் வெகுநேரம் யாரும் சாப்பிடவில்லை. அப்படிச் சிரித்தோம்.

எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. நான் தோலில் வளர்ந்தவள். கட்டிங்கில் என்ன செய்வார்கள்? முழுத்தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம் எல்லாம் தள்ளிவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து அச்சை வைத்து அழுத்துவார்கள். துண்டு வந்துவிடும். தோலில் ஓட்டை விழுந்துவிடும். அந்த ஓட்டையை எந்த சாமி வந்தாலும் அடைக்க முடியாது. அதனால்தான் கட்டிங் மாஸ்டர்கள் அச்சை வைத்துவிட்டு ஒரு மூச்சு நிற்பார்கள். இங்கே நாள் முழுக்க அந்த நீள வரிசையிலிருந்து நிறத்தை எடுக்கிறோமே, அது குறைந்துகொண்டே போகாதா என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அசட்டுக் கேள்வி என்று எனக்கே தெரியும்.

அவர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்த வரிசையைக் காட்டினார். நிறத்தை எடுத்துக் காட்டினார். மறுபடி வரிசையைக் காட்டினார். அப்படியே இருந்தது.

"இது வெட்டுறது இல்லக்கா. பாத்து எழுதிக்கிறது. எத்தினி தடவ எடுத்தாலும் தோலு முழுசா இருக்கும்."

அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இதைச் சொன்னேன். ஓட்டை விழாத தோல் இருந்தால் முதலாளி நம்மை எல்லாம் ஏன் வைத்திருக்கிறார் என்றார் அவர், படுத்தபடியே. முதுகு போனபிறகு அவர் சொன்ன முதல் ஜோக் அது.

மனிதர்களிடமும் மேடம் அப்படித்தான் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. யார் எவ்வளவு பேசினாலும் வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்வார். மீதியைத் தொடமாட்டார். கேலி செய்யமாட்டார், வெளியே போய்ச் சொல்லமாட்டார், மறுநாள் குத்திக்காட்டமாட்டார். அது பேசினவரிடமே முழுசாக இருக்கும்.

ஆனால் அது எல்லோருக்கும் பிடித்தது என்று சொன்னால் பொய். எனக்கே சில நேரம் உறுத்தும். ஃபினிஷிங் லைனில் ஒரு பெண், புருஷன் குடித்துவிட்டு அடித்ததில் உதடு கிழிந்து வந்திருந்தாள். பெண்கள் கழிவறைக்கு வெளியே அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் சுற்றி நின்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். அப்பன் வீடு சரியில்லை, மாமியார் இப்படி, முதல் வருஷத்திலிருந்தே இப்படி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மேடம் கை கழுவ வந்தவர் நின்று கேட்டார்.

"இப்ப உனக்கு இன்னா வேணும்?"

எங்களுக்குச் சுருக்கென்றது. அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவளும் திகைத்துப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ராத்திரிக்குப் போக இடமில்லை என்றாள்.

"சரி. அஞ்சரை மணிக்கு கேட்டாண்ட நில்லு."

அவ்வளவுதான். போய்விட்டார். கல்நெஞ்சுக்காரி என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். நானும் தலையாட்டினேன். மறுநாள் காலையில், மேடம் வீடு இருக்கிற வாலாஜா ரோடு பக்கமிருந்து வருகிற பாசஞ்சரிலிருந்து ஆம்பூர் ஸ்டேஷனில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து நடந்து வந்தார்கள். அந்தப் பெண் மேடத்தின் சுடிதார் ஒன்றைப் போட்டிருந்தாள். அவள் அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போகும் வரைக்கும் அப்படித்தான் வந்தார்கள். புருஷனைப் பற்றி மேடம் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவள் பிறகு எங்களிடம் சொன்னாள்.

எங்கள் பேக்கிங் மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் திட்ட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நம்மில் ஆரம்பித்து, நம் ஊர், நம்மை வேலைக்கு எடுத்தவர், நாட்டு நிலைமை வரைக்கும் போய்விடுவார். நாங்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நிற்போம். மேடம் நிமிர்ந்து நின்று கேட்பார். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில், நாற்பத்தொன்று சைஸ் கம்மியாக இருக்கிறது, அதுதானே சார் என்பார். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கே எதற்குத் திட்டினோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருக்கும்.

மூன்று கேள்வி என்று மேலே எழுதினேன். நாலாவதாக ஒரு விஷயம் உண்டு என்பது டாங்க் கலர் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஷூவில் நிறத்துக்கு வைக்கிற பெயர்கள் ஒன்றும் நம் வாயில் நுழையாது. மோக்கா என்பார்கள். பார்த்தால் டீ டிகாஷன் நிறம். டோப் என்று ஒன்று வரும். எலி நிறம். எல்லாவற்றையும் நாங்கள் ஒட்டியிருக்கிறோம். மேடம் அவருடைய அக்கா வளைகாப்புக்காக லீவில் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். ஹெச்.ஆரில் எனக்கு வைத்த அந்தக் கொஞ்ச காலத்தில் அது கடைசி வாரம். காலையில் பிளாக் அடித்து முடித்தேன். அடுத்து அதே வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பழுப்பு நிற ஷூ. பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளியது. டி, ஏ, என், சி, கே என்று எழுத்து. நான் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தேன். எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே மாதிரி, அழகாக, தெளிவாக இருந்தது. லைன் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புதுக் கலரா இருக்கும், ஜெர்மன்காரன் வைக்கிற பேரு, ஒட்டச் சொல் என்றார். பேக்கிங்கில் அதை டாங்க் என்று படித்தார்கள். நான் சொன்ன வாய்க்காரி அங்கேயும் இருந்தாள்.

"எங்க வூட்டு மேல கீற டாங்க் கருப்புடி. இவங்க ஊர்ல டாங்க்கு இந்தக் கலரா?"

"அவங்க ஊர்ல தண்ணி சுத்தமா வரும். அதான் டாங்க்கும் பளிச்சுன்னு கீது."

அப்படியே சிரித்துக்கொண்டே கன்டெய்னருக்குப் போக வேண்டிய பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒட்டி அடுக்கிவிட்டார்கள்.

மறுநாள் மேடம் வந்தார். கையில் வளைகாப்பு வளையல் இருந்தது. எங்களுக்குப் புளிசாதம் கொண்டுவந்திருந்தார். அடுக்கைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து ஒரு பெட்டியின் பக்கத்தில் குனிந்தார்.

"இதுக்கு முன்னாடி இன்னா கலர் அடிச்சீங்கக்கா?"

"பிளாக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா. மீதி அதுதான்" என்றார், எனக்கில்லை, தனக்கு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு என்பது மட்டும் புரிந்தது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் மேசைக்குப் போய் சத்தமில்லாமல் சரிசெய்யலாம். ஸ்டிக்கரில் மசி சரியில்லை என்று சொல்லி மாற்றி ஒட்ட வைக்கலாம். எனக்குத் தோன்றியது அவருக்குத் தோன்றியிருக்காதா? அவர் புளிசாதத் தூக்கை என் கையில் கொடுத்தார். நேராக மேனேஜர் இருந்த பக்கம் நடந்தார். நான் தூக்கோடு பின்னாலேயே போனேன்.

மேனேஜர் முதலில் நம்பவில்லை. பிறகு வந்து பார்த்தார். சாயங்காலம் கன்டெய்னர் லாரி கிளம்ப வேண்டும். அவர் முகம் சிவந்து, வழக்கமான இடத்தில் தொடங்கினார். இந்த முறை நாட்டு நிலைமை வரைக்கும் போகவில்லை. என்னிடம் வந்து நின்றுவிட்டார்.

"அடிச்சது யாரு? இந்தம்மாதானே? கண்ணு தெரியலன்னு லைன்லேருந்து தூக்கினாங்க. தூக்கி என் தலையில போட்டாங்க. நாளைலேருந்து இவங்க வர வேணாம், ஹெச்.ஆர்.ல சொல்லிடறேன்."

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகளின் காலேஜ் பஸ் நீலமாகக் கண் முன்னால் வந்து போனது.

"சார், ஒரு நிமிசம்" என்றார் மேடம்.

பக்கத்தில் ஒட்டாத காலிப் பெட்டிகள் கிடந்தன. எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். தோலில் குறி போடுகிற வெள்ளிப் பேனாவை வாங்கி, துண்டுத் தோலில் ஒவ்வொன்றாக எழுத்து எழுதி, பெட்டிக்கு ஒன்றாகப் போட்டார். பி, எல், ஏ, சி, கே. பிளாக்.

"காலையில இது இருந்துச்சு. அப்புறம் டான், அதான் இந்தப் பழுப்பு, வந்துச்சு. டானுக்கு மூணே எழுத்து." முதல் மூன்று பெட்டியிலிருந்த துண்டுகளை எடுத்துவிட்டு டி, ஏ, என் போட்டார். நாலாவது, ஐந்தாவது பெட்டியில் பழைய சியும் கேயும் அப்படியே கிடந்தன. "பிரிண்டருக்கு கலர் பேரு தெரியாது சார். நிறுத்துன்னு ஒரு குறி வர்ற வரைக்கும் படிச்சிக்கினே போவும். அந்தக் குறிய நான் இங்க வெச்சிருக்கணும்." நாலாவது பெட்டியில் இருந்த சியை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். "நான் வெக்கல. இதுவரிக்கும் பிளாக்கு, பிரவுனு, மோக்கா, டோப்புன்னுதான் வந்துச்சு. எல்லாம் இங்கிலீசுல அஞ்சு எழுத்து. அதனால என் தப்பு வெளிய தெரியல."

மேனேஜர் கவிழ்ந்திருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நீ லீவுல இல்ல இருந்த?"

"நான் லீவுல இருந்தேன் சார். என் புரோகிராம் வேலையில இருந்துச்சு."

"சரிம்மா, ஒட்டும்போது இந்தம்மா படிச்சிப் பாக்க வேணாமா? டான்னு எழுதத் தெரியாதா?"

"பாத்தாங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டாங்க. போன மாசம் டோப்புன்னு வந்துச்சே சார், நீங்களே என்கிட்ட வந்து இது சரியா தப்பான்னு கேட்டீங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். அவருக்கு மேடத்தின் மேல் மரியாதை உண்டு.

"உனக்கு கம்ப்யூட்டர் செக்சன் முழுசா குடுக்கறதா மேல பேச்சு கீது, தெரியும்ல? இத உன் தப்புன்னு நான் சொன்னா அது போய்டும்."

"தெரியும் சார்."

"இந்தம்மா தப்புன்னு போனா இதோட முடிஞ்சிடும்."

"அவங்க தப்பு இல்ல சார். லாரி எத்தினி மணிக்கு?"

மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மணியைச் சொன்னார். என்னைப் பார்த்து, நின்னுட்டு இருந்தா எப்படி, போய் புது ஸ்டிக்கர் அடிம்மா என்றார். வேலை போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது அந்த வார்த்தையில்தான்.

ஒட்டின ஸ்டிக்கரை அப்படியே உரித்தால் பெட்டியின் அட்டையும் சேர்ந்து வரும். ஃபினிஷிங்கில் ஷூவின் சுருக்கத்தை நீக்கச் சூடான காற்று அடிக்கிற மெஷின் வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து ஸ்டிக்கர் மேல் காட்டினார்கள். பசை இளகியதும் நகத்தால் மெதுவாகத் தூக்க வேண்டும். சூடு ஜாஸ்தியானால் அட்டை கோணிக்கொள்ளும். தையல் லைனிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மேடம் தரையில் உட்கார்ந்து உரித்தார். வளையல் இடித்தது என்று கழற்றித் தூக்கு மேல் வைத்தார். நான் டி, ஏ, என் என்று அடித்து அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன். லாரி கிளம்பியபோது வெயில் இறங்கியிருந்தது. புளிசாதத்தை அதற்குப் பிறகு நின்றபடியே ஆளுக்கு ஒரு பிடி சாப்பிட்டோம்.

கம்ப்யூட்டர் செக்சன் வேறொருவருக்குப் போயிற்று. புதிதாக வந்தவர் நல்லவர்தான். மேடம் அவரிடமும் அதே மாதிரிதான் இருந்தார். பிறகு கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். அவருடைய கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தபோது எங்களில் சில பேர் வேண்டுமென்றே தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினோம். ரொம்ப சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பொங்கலுக்குப் போன் செய்வார். நல்லா கீறீங்களா, பொண்ணு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கா, வீட்டுக்காரர் நடக்கறாரா, சரி. வைத்துவிடுவார். நான் "நீங்க எப்படி…" என்று ஆரம்பிக்கும்போது போனில் சத்தம் இருக்காது.

அந்த இரும்புப் பெட்டி இப்போது இல்லை. புது மெஷின் வந்துவிட்டது. நான் இன்னமும் ஸ்டிக்கர் ரூமில்தான் இருக்கிறேன். என் மகள் வேலைக்குப் போய்விட்டாள், கணவர் கோலூன்றி நடக்கிறார். இதெல்லாம் அந்த ஒரு நாளுக்குப் பிறகு வந்தவை. அந்த நாளின் சாயங்காலம் நடந்த ஒன்றை இன்னும் எழுதவில்லை.

லாரி போனதும் பெண்கள் கையில் பசை போகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஏறினால்தான் கம்பெனி பஸ் கிளம்பும். மேடம் அறையில் அந்த இரும்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விட்டுப்போன வரியை எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுப் பையை எடுத்தார். அவருடைய பாசஞ்சருக்கு நேரம் சரியாக இருந்தது. நான் கதவருகில் நின்றேன். முதல் நாள் நின்ற அதே இடம் என்று நினைக்கிறேன்.

தேங்க்ஸ் என்று சொல்லத்தான் போனேன். ஒரு வார்த்தை. அது வரவில்லை. அதற்குப் பதிலாக, லைனில் கண் மங்கினபோது யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் ஓட்டினேன் மேடம் என்று வந்தது. அதிலிருந்து கணவர் விழுந்த நாளுக்குப் போனேன். அவரைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் காசு வாங்காமல் போனதற்குப் போனேன். மகள் படிப்பை விட்டுவிடட்டுமா என்று கேட்ட ராத்திரி, அவள் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது, அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கே தெரிந்தது, இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நடுவில் நிறுத்தி, உங்களுக்கு ரயில் போய்டுமே மேடம் என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பையை மேசையில் வைத்தார். ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, தானும் உட்கார்ந்தார்.

நான் உட்கார்ந்து பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒருவரிடம் பேசினதில்லை. தூரத்தில் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதிவிட்டுப் போனது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். எங்கேயோ வந்து எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"அப்புறம்?" என்றார்.